கம்ப்ரஸருக்கு நெய் ஊற்றிய கதை

டிப்ளமா வாங்கிய முதல் ஆறு மாதத்துக்கு எந்த இளைஞனையும் இயந்திரங்கள் பக்கம் அண்டவிடக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்திருக்க வேண்டும். இருந்திருந்தால், சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு தெருவே திரண்டு ஒரு மார்கழிக் காலையில் எறும்பு விரட்டியிருக்காது. என் அக்காவின் எட்டு எவர்சில்வர் கிண்ணங்கள் நடுத்தெருவுக்கு வந்திருக்காது. நானும் இந்த வயதில், பந்தியில் நெய் வரும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட வேண்டியிருக்காது.

எழுபதுகளின் தொடக்கம் அது. மெக்கானிக்கல் டிப்ளமா முடித்திருந்தேன். இரண்டாம் வகுப்பு. (எத்தனையாவது முயற்சியில் என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லாத விவரம்.) வேலை எதுவும் கிடைக்காததால் அக்கா சரோஜாவின் வீட்டில் தங்கி, அவள் கணவர் ஏகாம்பரம் மாமாவின் டயர் கடையில் ஒத்தாசையாக இருந்தேன். ஒத்தாசை என்பது நான் சொல்வது. மாமா அதற்கு "சோத்துக்கு வந்திருக்கிற இன்ஜினியரு" என்று பெயர் வைத்திருந்தார்.

நெசவாளர்கள் குடியிருக்கும் தெருவின் முனையில் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. சைக்கிள், மாட்டு வண்டி, டாக்ஸி, லாரி என்று எது வந்தாலும் பஞ்சர் ஒட்டிக் காற்று அடித்துக் கொடுப்போம். காற்று அடிக்க ஒரு கம்ப்ரஸர் இருந்தது. ராணுவக் கழிவு ஏலத்தில் யாரோ எடுத்து, யாரோ விற்று, கடைசியில் மாமாவின் தலையில் கட்டியது. அந்த மார்கழியில் அது இழுக்க ஆரம்பித்தது. மோட்டார் போட்டால் உஸ்ஸென்று எல்லாப் பக்கமும் காற்று ஒழுகும். ஒரு லாரி டயர் நிரம்புவதற்குள் டிரைவர் போய் டிபன் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போட்டு எழுந்து வருவார்.

"நான் பிரிச்சுப் பாக்கறேன் மாமா" என்றேன்.

"பிரிக்கிறதுக்கு டிப்ளமா வோணாம்டா. திரும்ப மாட்டறதுக்குத்தான் வோணும்" என்றார் மாமா.

பிரித்தேன். வியாதி உடனே தெரிந்தது. காற்று கசியாமல் பிடித்துவைக்கிற ரப்பர் சீல்கள் ஊறிப்போய், உப்பி, விளிம்பெல்லாம் பிய்ந்து கிடந்தன. காரணமும் தெரிந்தது. மாமா இத்தனை வருடமும் வண்டி அச்சுக்குப் போடும் மஞ்சள் கிரீஸைத்தான் அதற்கும் அப்பிக்கொண்டிருந்தார். அந்த கிரீஸ் மாதிரி மண்ணெண்ணெய் வகையறா எதுவும் ரப்பருக்கு ஆகாது. ரப்பர் அதைக் குடித்து வீங்கிவிடும். இது என் பாடப்புத்தகத்தில் இருந்தது. நான் தேர்வில் சரியாக எழுதிய சில விடைகளில் அதுவும் ஒன்று.

புது சீல்கள் வாங்கியாயிற்று. இனி அவற்றுக்கு என்ன பூசுவது என்பதுதான் கேள்வி. ரப்பரை அரிக்கக் கூடாது. சிலிண்டர் சூட்டில் கருகக் கூடாது. முக்கியமாக, மாமாவின் கைக்குக் கட்டுப்படியாக வேண்டும்.

ஹார்டுவேர் கடை பாயிடம் போனேன். தெரு பெயர் தெரியாதவர்கள் கூட இந்த ஊரில் அவர் கடையைத் தெரிந்து வைத்திருந்தார்கள். கம்பீரமான தாடி, கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் பார்வை.

"சூடு தாங்கற மாதிரி, ரப்பருக்கு ஒத்துக்கிற மாதிரி ஏதாச்சும் இருக்குதா பாய்?"

உள்ளே போய், பொடி டப்பா அளவுக்கு ஒரு டப்பாவைக் கொண்டுவந்து இரண்டு விரலால் பிடித்துக் காட்டினார். "சீமை சரக்கு. சிலிக்கான். எவ்ளோ சூடு பட்டாலும் இது உருகாது தம்பி. வெலையக் கேட்டா நீ உருகிடுவே."

கேட்டேன். உருகினேன்.

"அப்ப இது எடுத்துக்கினு போ" என்று ஒரு சிவப்பு கிரீஸ் டப்பாவை நகர்த்தினார். "பிரேக் ரப்பருக்குப் போடறது. வெளக்கெண்ணெ சேந்தது. ரப்பர ஒண்ணும் பண்ணாது, சூடும் தாங்கும். வெல சல்லிசு. கண்ண மூடிக்கினு போடலாம்."

இந்த இடத்தில்தான் என் வாழ்க்கை இரண்டாகப் பிரிகிறது. பாய் சொன்னதைக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை இத்துடன் முடிந்திருக்கும். ஆனால் எனக்கு வயது இருபத்துமூன்று. ஆணி விற்கிற மனிதர் எனக்கு கிரீஸ் பற்றிப் பாடம் எடுப்பதா? "நான் டெஸ்ட் பண்ணிப் பாத்துதான் முடிவு பண்ணுவேன் பாய்" என்றேன்.

"பண்ணு, பண்ணு" என்று டப்பாவைத் திரும்ப உள்ளே வைத்தார். அவர் முகத்தில் இருந்த இரக்கம் எனக்கு அன்று புரியவில்லை.

ஆராய்ச்சிக்கூடம் அக்காவின் சமையலறை. உபகரணம் அவளுடைய தோசைக்கல். அவள் குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து, கல்லை அடுப்பில் போட்டுக் காயவைத்து, அதன்மேல் ஓரோர் ஓரத்தில் ஒரு சொட்டாக வைத்தேன்: மஞ்சள் கிரீஸ், தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய். மஞ்சள் கிரீஸ் கண்ணெதிரே ஓடிப் புகைந்தது. தேங்காயெண்ணெயும் புகைந்தது. விளக்கெண்ணெய் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்துவிட்டுப் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டது. சோர்ந்துபோய் நிமிர்ந்தபோதுதான் அலமாரியில் அந்தத் தூக்குச் சட்டி கண்ணில் பட்டது.

அதில் இருந்தது எருமை நெய். ஏனாத்தூரில் மாமாவின் தம்பி எருமை வைத்திருந்தார். பொங்கலுக்கென்று வீட்டிலேயே உருக்கிக் கொடுத்தனுப்பியது. மார்கழிக் குளிரில் வெள்ளை வெளேரென்று, மணல் மணலாக, கரண்டி போட்டால் நிற்கிற கெட்டியில் உறைந்திருந்தது. பார்ப்பதற்கு அசல் கிரீஸ்! ஒரு துளி எடுத்துக் கல்லில் வைத்தேன். உருகியது, ஆனால் புகையவில்லை. கருகவில்லை. மற்ற மூன்றும் கரியாகப் போன பிறகும் அது மட்டும் தெளிவாக, சாதுவாக, வாசனையாகக் கல்லில் நின்றுகொண்டிருந்தது.

ரப்பருக்கு ஆகாத சமாசாரம் எதுவும் அதில் இல்லை. சூடு தாங்குகிறது. கெட்டியாக இருக்கிறது. விலை? ஒன்றுமே இல்லை, அலமாரியில் இருக்கிறது. வெள்ளைக்காரன் ஏன் இதைக் கண்டுபிடிக்கவில்லை என்று நினைத்து எனக்குப் புல்லரித்தது. (அவனும் தோசைக்கல்லில் சோதித்திருந்தால் கண்டுபிடித்திருப்பான்.)

கெட்டியா என்று பார்த்தது குளிர்ந்த அலமாரியில். சூடு தாங்குமா என்று பார்த்தது கொதிக்கிற கல்லில். சூட்டிலும் கெட்டியாக நிற்குமா என்று ஒரே சமயத்தில் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அது பாடப்புத்தகத்தில் அடுத்த பக்கத்தில் இருந்திருக்கலாம்.

அன்று மாலை டிபன் தோசை. மாமா முதல் விள்ளலை வாயில் வைத்துவிட்டு மெல்லுவதை நிறுத்தினார்.

"சரோஜா, தோசையில இன்னா பஸ் ஸ்டாண்டு வாசன வருது?"

அக்கா வாங்கி முகர்ந்து பார்த்தாள். என்னையும் பார்த்தாள். நான் எனக்கு இன்று பசியில்லை என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

மறுநாள் கம்ப்ரஸரை மாட்டினேன். சீல்களுக்கு நெய்யைத் தாராளமாகப் பூசினேன். பிஸ்டன் வளையங்களுக்குப் பூசினேன். பிறகும் தூக்கில் நிறைய மீதமிருக்கவே, இயந்திரம் நன்றாக இருக்கட்டும் என்று எண்ணெய் விடும் துளை வழியாக ஒரு டம்ளரும் விட்டேன். அப்புறம் இன்னொன்று. மோட்டார் போட்டதும் கம்ப்ரஸர் பூனைக்குட்டி மாதிரி உறுமியது. ஒரு பொட்டுக் காற்றுக் கசிவு இல்லை. அன்று வந்தவை நான்கு சைக்கிள் டயர்கள்தான். ஐந்தைந்து நிமிட வேலை. மாமா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். காதை வைத்துக் கேட்டார். கடைசியில், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, "பரவால்லடா" என்றார். எனக்கு டிப்ளமா கொடுத்தபோது கூட அவ்வளவு சந்தோஷமாக இல்லை.

"இன்னாடா போட்ட உள்ள?"

"ஸ்பெஷல் லூப்ரிகன்ட் மாமா. நானே கண்டுபுடிச்சது."

இரண்டு நாள் கழித்து, விடியற்காலையில், எங்கள் தெருவில் கன்னியப்பன் பாவு நீட்டினார்.

பாவு என்பது புடவையின் நீளவாட்டு இழைகள். ஆயிரக்கணக்கான பட்டு இழைகளைத் தறியில் ஏற்றுவதற்கு முன் தெருவின் நீளத்துக்கு மரக்கால்கள் மேல் இழுத்துக் கட்டி, அறுந்ததை முடிந்து, சிக்கெடுத்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிடுவார்கள். பாவு நிற்கும்வரை அந்தத் தெருவில் யாரும் குறுக்கே போவதில்லை. பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு நிற்பார். கலெக்டரே வந்தாலும் நிற்கத்தான் வேண்டும்.

கன்னியப்பன் எங்களுக்கு நாலாவது வீடு. அதிர்ந்து பேசாத மனிதர். ஊருக்கெல்லாம் கூறைப்புடவை நெய்தவர். ஆனால் அன்றைய பாவு ஊருக்கு அல்ல. தை மாதக் கடைசியில் அவருடைய மகள் கோமளாவுக்குக் கல்யாணம். மூன்று புடவைக்கான பாவு அது, அரக்கு நிறம். முதலில் நெய்யப்போவது கோமளாவின் கூறைப்புடவை. வருடக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டு சேர்த்து வைத்திருந்தார் என்று அக்கா சொல்லியிருந்தாள். அன்று தெருவே அந்தப் பாவை ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனது.

பாதி முடிந்திருக்கும். முனையில் உமி மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு மாட்டு வண்டி திரும்பியது. மூட்டை ஒன்று கிழிந்தது. அந்தச் சமயம் பார்த்து ஒரு காற்று வீசியது. எல்லாம் சேர்ந்து அரக்குப் பாவின் மேல் மஞ்சள் தூவியது போல உமி.

கன்னியப்பனின் மனைவி ராஜம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். "ஐயோ, இத்த ஒண்ணொண்ணா பொறுக்கறதுக்குள்ள வெயிலு வந்துடுமே! பாவு காஞ்சு பட்டு பட்டுனு அறுந்துபூடுமே!"

தட்டினால் இழைக்குள் சிக்கும். துடைத்தால் பட்டில் கீறும். எல்லோரும் திகைத்து நிற்க, நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போனேன்.

"காத்து அடிச்சா ஒரு நிமிஷத்துல பூடும்" என்றேன்.

கன்னியப்பன் என்னைப் பார்த்தார். பாவைப் பார்த்தார். கிழக்கே வானத்தைப் பார்த்தார். "பட்டு, குமாரு. சேதம் ஒண்ணும் ஆவாதே?"

"வெறும் காத்துதானே!" என்றேன்.

கடையில் இருந்த காற்றடிக்கும் ரப்பர் ட்யூப்களை எல்லாம் ஒன்றோடொன்று மாட்டி, மோட்டாரைப் போட்டுவிட்டு, ட்யூப்பின் முனையைக் கையில் பிடித்துக்கொண்டு பாவின் ஓரமாக நடந்தேன். புஸ்ஸென்று காற்று. உமி அப்படியே எழும்பிப் பறந்தது. கீழே அரக்குப் பட்டு பளபளத்தது. "பாரேன்!" என்றார் யாரோ. "படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்" என்றாள் ராஜம்மா. கோமளா வாசலில் நின்று சிரித்தாள். அதைக் கேட்டு, பார்த்து, நான் கொஞ்சம் மெதுவாகவே நடந்தேன். அவசரமாக முடித்துவிட்டால் பாராட்டும் சீக்கிரம் முடிந்துவிடுமே. முதல் முனைக்குத் திரும்பப் போய் மறுபடி ஒரு தடவை அடித்தேன்.

அந்த இயந்திரம் என் கையில் தொடர்ச்சியாகக் கால் மணி நேரம் ஓடியது அதுவே முதல் தடவை. சிலிண்டர் நன்றாகக் காய்ந்துவிட்டது. நான் உள்ளே வைத்த நெய்யெல்லாம் உருகி, சீல்களை விட்டு நழுவி, வளையங்களைத் தாண்டி, காற்றுத் தொட்டிக்குள் போய், அங்கிருந்து ட்யூப்புக்குள் புறப்பட்டுவிட்டது. இதெல்லாம் பிற்பாடு யோசித்துக் கண்டுபிடித்தது. அப்போது எனக்குத் தெரிந்தது, கையில் ஏதோ பிசுபிசுத்தது. பிறகு ஒரு வாசனை.

பாவின் அந்த முனையில் மார்கழி பஜனை கோஷ்டி வந்து நின்றிருந்தது. பாவு குறுக்கே நிற்பதால் தாளத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். முன்னால் நின்ற ஐயங்கார் பெரியவர் மூக்கை உறிஞ்சினார்.

"நெய் வாசனை கமகமன்னு வரதே! யார் ஆத்துல பிரசாதம்?"

நான் பாவைப் பார்த்தேன். அரக்குப் பட்டின் மேல், கிட்டத்தட்ட பாதி நீளத்துக்கு, பனி படர்ந்த மாதிரி ஒரு மினுமினுப்பு. குளிரில் அது உறைய ஆரம்பித்திருந்தது. கோமளாவின் புடவை வரப்போகிற பகுதி முழுக்க அதில் அடக்கம்.

மோட்டாரை நிறுத்தும் சத்தம் கேட்டது. நிறுத்தியவர் மாமா. தோளில் துண்டும் வாயில் பல்பொடியுமாக வந்தார்.

"டேய் குமாரு. மிஷின்ல இன்னாடா போட்ட?"

"லூப்ரிகன்ட் மாமா."

"அதான், இன்னா லூப்ரிகன்டு?"

"வந்து... மிருகக் கொழுப்பு சம்பந்தப்பட்டது."

அக்கா காற்றை ஒரு தடவை முகர்ந்தாள். விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள். திரும்பி வரும்போது கையில் தூக்குச் சட்டி இருந்தது. அதைத் தெருவுக்கு முன்னால் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டு விழவில்லை.

"பொங்கலுக்கு வெச்சிருந்த நெய்யி" என்றாள். அவ்வளவுதான். சாட்சியம் முடிந்தது.

ராஜம்மா போட்ட கூச்சலை நான் இங்கே எழுதப்போவதில்லை. "படிச்ச புள்ள" என்ற வார்த்தையை அவள் அதில் மறுபடியும் பயன்படுத்தினாள் என்று மட்டும் சொல்லலாம். என்னைச் சுட்டது அது அல்ல. கன்னியப்பன் திட்டவேயில்லை. பாவுக்கு அருகில் குந்தி உட்கார்ந்து, ஓர் இழையை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"பன்னெண்டு வயசுல தறியில உக்காந்தேன் குமாரு" என்றார் மெதுவாக. "இத்தினி வருஷத்துல என் வூட்டுக்குன்னு பாவு போட்டது இதான் மொதல்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பூமி பிளந்து என்னையும் கம்ப்ரஸரையும் சேர்த்து விழுங்கக் கூடாதா என்று இருந்தது. பூமி பிளக்கவில்லை. அதற்குப் பதிலாக எறும்பு வந்தது.

முதலில் ஒன்று. மரக்கால் வழியாக ஏறி, பாவின் ஓரத்தில் நின்று, மீசையை ஆட்டி யோசித்தது. திரும்பிப் போய் ஊரைக் கூட்டி வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எட்டு மரக்கால்களிலும் வரிசை கட்டிவிட்டது.

"கிண்ணம் கொண்டா!" என்று கத்தினார் மாமா. அக்கா தன் சீர் வரிசையில் வந்த எட்டு எவர்சில்வர் கிண்ணங்களையும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். மரக்கால் ஒவ்வொன்றையும் தூக்கிப் பிடித்து, அடியில் தண்ணீர் ஊற்றிய கிண்ணம் வைத்தோம், வீட்டில் பலகார அலமாரிக்கு வைப்பது போலவே. அகழி அமைந்ததும் புதுப் படை நின்றது. ஏற்கெனவே ஏறிவிட்டவற்றைத் தெருவே சேர்ந்து ஊதி ஊதித் தள்ளியது. பால்காரரும் ஊதினார். (வாயால். இனிமேல் யாரும் என்னிடம் காற்றுக் கேட்கப்போவதில்லை.)

எறும்பு ஒழிந்தது, நெய் இருந்தது. அப்போது கோமளாதான் வாயைத் திறந்தாள். அழுது முடித்த கண்கள், ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"யப்பா, பொடவையில எண்ணெ சொட்டு பட்டா நாமக்கட்டியப் பொடி பண்ணிப் போடுவீங்களே. உறிஞ்சிடுமே."

"அது ஒரு சொட்டுக்கும்மா. இம்மாம் நீளத்துக்கு நாமக்கட்டிக்கு எங்க போறது?"

அவர் கேட்டுவிட்டு நிமிர்ந்தார். எதிரே, பாவுக்கு அந்தப் பக்கம், பளிச்சென்று நாமம் இட்டுக்கொண்டு இருபது பேர் நின்றிருந்தார்கள். தெருவே ஒருசேர அந்த இருபது நெற்றிகளையும் பார்த்தது.

ஐயங்கார் பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டேய், கம்ப்ரஸர்! நின்னுண்டு பார்க்கறயே, கூட ஓடி வா. ஆத்துல ரெண்டு வருஷத்துக்கு வாங்கி வெச்சிருக்கேன்."

அன்று நான் ஓடிய ஓட்டத்தை எந்த ஓட்டப் பந்தயக்காரனும் ஓடியிருக்க மாட்டான். வீடு வீடாகப் போய்க் கூடையை நீட்டினேன். ஒவ்வொரு வீட்டிலும் எதற்கு என்று கேட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லவேண்டியிருந்தது. ஏழாவது வீட்டில், "ஓ, நெய் ஊத்தினவன் நீதானா?" என்று எனக்கு முன்னால் கதை போய்ச் சேர்ந்திருந்தது. கோயில் பக்கத்துக் கடைக்காரர் ஒரு மூட்டையையே அவிழ்த்துக் கொடுத்தார்.

அக்காவின் அம்மியில் நாமக்கட்டியை மாவாக அரைத்தார்கள். மெல்லிய மல்துணியில் சலித்துப் பாவின் மேல் தூவினார்கள். அரக்குப் பாவு வெள்ளையாகிவிட்டது. வெயில் ஏறாமல் இருக்க வீடுகளிலிருந்து வேட்டியும் போர்வையும் கொண்டுவந்து மேலே பந்தல் மாதிரி பிடித்தார்கள். ஒரு பக்கத்துப் பந்தலை நான் பிடித்தேன். வேறு எதையும் என்னைத் தொடவிடவில்லை. பஜனை கோஷ்டி விட்ட இடத்திலிருந்து பாட ஆரம்பித்தது. பொடி நெய்யைக் குடித்துக் குடித்து உருண்டு விழ, கன்னியப்பன் மயிலிறகால் தட்டித் தட்டி எடுத்தார். மறுபடி தூவினார். மறுபடி தட்டினார். மூன்றாவது தடவை தட்டியபோது அரக்கு நிறம் வெளியே வந்தது. கறை தெரியவில்லை. கன்னியப்பன் இழையைத் தொட்டார், முகர்ந்தார்.

"வாசன கொஞ்சம் இருக்குது" என்றார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, "இருந்துட்டுப் போவட்டும்" என்றார்.

மறுநாள் மாமா என்னைக் கையைப் பிடித்து பாய் கடைக்கு அழைத்துப் போனார். தனியாக அனுப்ப அவருக்கு நம்பிக்கை இல்லை. சிவப்பு கிரீஸ் டப்பா கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் தயாராக இருந்தது.

"நெய்ய பிரியாணில போடணும் தம்பி" என்றார் பாய், டப்பாவை என் பக்கம் நகர்த்தி.

கம்ப்ரஸரைப் பிரித்துக் கழுவ எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் தெருவிலிருந்த பூனைகள் எல்லாம் என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. சிவப்பு கிரீஸ் போட்டுப் பூட்டிய பிறகு அந்தச் சீல்கள் வருடக்கணக்கில் உழைத்தன. அதற்கு ஆன செலவு, அக்கா அந்தப் பொங்கலுக்குத் திரும்ப வாங்கிய நெய்யின் விலையில் பாதி கூட இல்லை. இதை எனக்கு அவ்வப்போது ஞாபகப்படுத்த மாமா தவறியதே இல்லை.

பத்து நாள் வரை கன்னியப்பன் வீட்டு வாசலைத் தாண்டும்போது நான் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு நாள் உள்ளேயிருந்து கூப்பிட்டார். பயந்துகொண்டே போனேன். தறியில் அரக்குப் புடவை முக்கால்வாசி வளர்ந்திருந்தது.

"இங்க வா குமாரு. ஒரு விசயம் சொல்றேன், வெளிய சொல்லாதே. எப்பவும் ஒரு பொடவைக்கு எவ்ளோ இழை அறும் தெரியுமா? எண்ண முடியாது. இதுல இன்னி வரைக்கும் ஒண்ணு அறுந்ததில்ல. வழுக்கிக்கினு போவுது."

நான் வாயைப் பிளந்து நின்றேன். அப்படியானால் என் லூப்ரிகன்ட் வேலை செய்திருக்கிறது! போட்ட இடம்தான் தப்பு.

"அப்ப அடுத்த பாவுக்கும்..." என்று ஆரம்பித்தேன்.

"வெளிய போடா" என்றார் கன்னியப்பன். ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு ராத்திரியில் தூக்கம் வந்தது.

தை மாதக் கடைசி முகூர்த்தத்தில் கோமளா அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தாள். ஓமம் வளர்த்தார்கள். நெருப்புச் சூடு புடவையில் பட்டதும், தூங்கிக்கொண்டிருந்த வாசனை மெதுவாக எழுந்தது. புரோகிதர் தன் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார். நெய்க் கிண்ணத்தைப் பார்த்தார். "நான் இன்னும் ஊத்தவே இல்லையே!" என்றார். கன்னியப்பன் பந்தலின் அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தார். நான் தூணுக்குப் பின்னால் போனேன். அங்கே ஏற்கெனவே மாமா நின்று, துண்டை வாயில் திணித்துக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு எனக்கு வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, தலை நரைத்தது. அக்காவுக்கு இதெல்லாம் பொருட்டல்ல. இன்றைக்கும் நான் அவள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் நெய்க் கிண்ணத்தை என் கைக்கெட்டும் தூரத்தில் வைக்கமாட்டாள். அவளே ஒரு கரண்டி ஊற்றிவிட்டு, கிண்ணத்தை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் வருவாள்.

என் மகள் கல்யாணத்துக்கு ஆரணியிலிருந்து கோமளா வந்திருந்தாள். பேரன் எடுத்துவிட்டாள். கட்டியிருந்தது அந்த அரக்குப் புடவை. ஜரிகை சற்றே மங்கியிருந்தது. பட்டு அப்படியே இருந்தது. நான் கூட்டத்தில் யாரையோ வரவேற்றுக்கொண்டிருந்தேன். "குமாரண்ணா, இங்க கொஞ்சம் வாங்க" என்று முன்வரிசையிலிருந்து அவள் உரக்கக் கூப்பிட்டது சம்பந்தி வீட்டார் வரைக்கும் கேட்டது.

போனேன். மடியிலிருந்து ஓர் எறும்பை விரல் நுனியில் பத்திரமாக எடுத்து என்னிடம் நீட்டினாள். (மண்டபம் முழுக்க ஜிலேபித் தட்டு கிடந்தது. எறும்பு அதற்கு வந்ததுதான். இதை நான் எத்தனை தடவை சொல்லியும் ஒருவரும் நம்புவதில்லை.)

"அன்னிக்கு ஊதுனதுல ஒண்ணு பாக்கி நின்னுட்டுது பாருங்கண்ணா" என்றாள்.

நான் அதைக் கையில் வாங்கிக்கொண்டு போய், வாசலில் விட்டுவிட்டு வந்தேன்.